சுண்ணாம்பும் செங்கல்லும்

நுழையும்முன்

சென்னையின் பழங்கட்டடங்கள் பலவும் செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்து எழுந்தவை. அவற்றின் கட்டுமான நுட்பத்தை அறிந்தோரே அவற்றைப் பழுதுபார்த்துக் காக்க இயலும்.

குண்டு துளைக்காத கூரை

புனித ஜார்ஜ் கோட்டைக்குள் அமைந்துள்ள புனித மேரி தேவாலயத்தின் கட்டுமானப் பணி 1678ஆம் ஆண்டு தொடங்கியது. 1680ஆம் ஆண்டு அக்டோபர் 28ஆம் நாள் அது வழிபாட்டிற்கு அர்ப்பணிக்கப்பட்டது. முற்றுகையின்போது பீரங்கிக் குண்டுகளைத் தாங்கவேண்டும் என்பதற்காக, அதன் கூரை மரமின்றிச் செங்கல் வளைவாகவே அமைக்கப்பட்டது. செங்கல் அழுத்தத்தைத் தாங்கும், இழுவிசையைத் தாங்காது. வளைவு, தன்மீதுள்ள எடையை அழுத்தமாகவே இருபுறச் சுவர்களுக்கும் கடத்துகிறது. அவ்வழுத்தம் சுவர்களை வெளிப்புறமாகத் தள்ளும். அதனை எதிர்த்து நிற்கவே சுவர்கள் மிகுந்த பருமனுடன் எழுப்பப்பட்டன.

மெட்ராஸ் டெரஸ்

குடியிருப்புகளிலும் அலுவலகங்களிலும் வேறொரு கூரைமுறை பரவியது. தேக்கு உத்திரங்களின்மேல் மெல்லிய செங்கற்களைச் சுண்ணாம்புக் காரையில் சாய்கோணமாகவும் செங்குத்தாகவும் அடுக்குவர். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து பரப்பி, மரக்கட்டைகளால் அடித்து இறுக்குவர். தட்டோடு பதித்தபின் தளம் முழுமை பெறும். இதுவே 'மெட்ராஸ் டெரஸ்' எனப் பெயர்பெற்றது.

மூச்சுவிடும் சுவர்

கடற்கரையில் கிடைத்த கிளிஞ்சல்களைக் காளவாயில் சுட்டு, நீரூற்றி நீற்றிச் சுண்ணாம்பு பெற்றனர். அதனை மணலுடன் அரைத்து, கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் சேர்ப்பது மரபு. இக்காரை காற்றிலுள்ள கரியமில வாயுவை உட்கொண்டு மெல்ல மெல்லக் கல்லாக இறுகும். ஆயினும் அது செங்கல்லைவிட மென்மையானது, நுண்துளைகள் மிக்கது. சுவரில் ஏறிய ஈரம் அத்துளைகளின் வழியே ஆவியாகி வெளியேறும்.

பழுதும் பாதுகாப்பும்

இத்தகைய சுவரில் விரிசல் கண்டவுடன் சிமென்ட் பூசுவோர் உண்டு. சிமென்ட் பூச்சு ஈரத்தின் வழியை அடைத்துவிடுகிறது. உள்ளே தேங்கும் நீர் செங்கல்லின் வழியே வெளியேற முயலும். அந்நீரில் கரைந்துள்ள உப்பு செங்கல்லுக்குள் படிகமாகிப் பெருகும்போது, அதன் முகப்பு பொடிந்து உதிர்கிறது. வலிமை சேர்ப்பதாக எண்ணிச் செய்த பணியே சுவரை அரித்துவிடுகிறது.

எனவே, பழஞ்சுவரின் காரையை ஆராய்ந்து, அதற்கு ஒத்த சுண்ணாம்புக் கலவையையே பயன்படுத்துதல் வேண்டும். அதற்குச் சுண்ணாம்பு நீற்றவும், வளைவு கட்டவும், தளம் அடிக்கவும் அறிந்த கொத்தனார்கள் தேவை. அவர்தம் கைத்திறன் இளையோரைச் சென்றடையும்வரை இக்கட்டடங்கள் நிலைத்திருக்கும்.