இருபத்தொன்றா, பதினாறா?

சேகா மாஸ்டர் சிஸ்டத்துக்கு ஆட்டம் எழுதுகிறேன். நினைவகத்தில் தரவுகளை நகர்த்த எல்டிஐஆர் ஆணை போதாதா?
— ஒரு வாசகர், ராபர்ட்சன்பேட்டை, கோலார் தங்கவயல்

பழகும் காலத்துக்குப் போதும். ஆனால் எல்டிஐஆர், ஒவ்வொரு பைட்டை இறக்கிய பின்பும் எண்ணிக்கை தீர்ந்ததா என்று பார்த்து மீண்டும் தன்னிடமே திரும்பி வருவதால், பைட் ஒன்றுக்கு 21 கடிகாரத் துடிப்புகளைச் செலவழிக்கிறது. அந்தப் பிரயாணமில்லாத எல்டிஐக்கோ 16 துடிப்புகளே போதும். ஆகையால், 16 எல்டிஐகளை வரிசையாக எழுதி, முடிவில் ஜேபி பிஇ என்னும் ஒரே தாவலை வைத்துவிட்டால், 256 பைட்டுக்கு 5,371 துடிப்புகள் கேட்ட காரியம் 4,256-இல் பூர்த்தியாகும். உங்கள் ஊர்ச் சுரங்கக் கூண்டு, ஆளுக்கொரு முறை இறங்காமல் ஆட்களை நிறைத்துக்கொண்டு இறங்கிய யுக்திதான் இது. பைட்டுகளின் தொகை மட்டும் 16-ஆல் மீதமின்றி வகுபட வேண்டும். திரைநினைவகத்துக்கு எல்டிஐ செல்லாது. அங்கே அவுட்ஐ ஆணைகளை அடுக்கி, திரை வரையப்படாத இடைவேளையில் மாத்திரம் இயக்குங்கள்.