மெடிக்கல் ரெப் வேலையிலிருந்து மெடிக்கல் அஃபேர்ஸுக்கு

அலங்காநல்லூர், பாலமேடு, வாடிப்பட்டி என்று பைக்கில் சுற்றும் மெடிக்கல் ரெப்பா நீங்கள்? மெடிக்கல் அஃபேர்ஸ் பிரிவுக்கு மாறச் சில குறிப்புகள்:

• வேலை: இங்கே விற்பனை டார்கெட் கிடையாது. டாக்டரின் சந்தேகத்துக்கு ஆய்வுச் சான்றோடு பதில் சொல்ல வேண்டும். 1967-ல் அப்ஜான் மருந்து நிறுவனம் தொடங்கிவைத்த பணி இது.

• படிப்பு: எம்.பி.பி.எஸ்., ஃபார்ம்.டி., எம்.ஃபார்ம். படித்தவர்களுக்கே முன்னுரிமை. பி.ஃபார்ம். மட்டும் என்றால், மருந்தின் பக்கவிளைவுகளைக் கண்காணிக்கும் பிரிவு வழியாக நுழைந்து பாருங்கள்.

• பயிற்சி: சென்னை தேசியத் தொற்றுநோயியல் நிறுவனத்தின் மருத்துவ ஆராய்ச்சி அடிப்படைப் பாடங்களை என்பிடெல் தளத்தில் இலவசமாகப் படிக்கலாம்.

• ஒத்திகை: "ஈ.ஜி.எஃப்.ஆர். 30-க்குக் கீழே இருப்பவருக்கு மெட்ஃபார்மின் தரலாமா?" என்று டாக்டர் கேட்கிறார். "கூடாது சார்" என்பது பாதி பதில்தான். காரணத்தையும், அதைச் சொல்லும் வழிகாட்டு நெறியையும் எடுத்துக்காட்டப் பழகுங்கள்.

• பயோடேட்டா: விற்ற தொகையோடு நிறுத்தாதீர்கள். ஏற்பாடு செய்த கருத்தரங்குகளையும், நன்கு தெரிந்த நோய்ப் பிரிவையும் எழுதுங்கள்.

• சொந்தக் கம்பெனி: வெளியே தேடும் முன், உங்கள் கம்பெனியிலேயே மெடிக்கல் அஃபேர்ஸ் பிரிவில் இடம் உண்டா என்று விசாரியுங்கள்.

புது வேலைக்கான ஆர்டர் கைக்கு வந்த பிறகே ராஜினாமா கடிதம் எழுதுங்கள்.