பால்தேத்தண்ணி நிறத்தில் கியர் ஒயில்

போன எபிசோட்டில் "எங்கட போட்டுக்கு என்ன நடந்தது எண்டு எழுத்தில சொல்லுறன்" எண்டு சொல்லித் தப்பிவிட்டேன். இனித் தப்ப ஏலாது.

லா ஷோ-து-ஃபோனில் இருந்துகொண்டு போட் வாங்கினான் எண்டால் எல்லாரும் சிரிப்பினம். கடல் மட்டத்திலிருந்து 1000 மீற்றர் உயரம். ஏரிக்குப் போக வேண்டுமெண்டால் மலையிறங்கி நொஷாத்தெலுக்குப் போகவேணும். ஆனாலும் நானும் மச்சானும் சித்தப்பாவின்ர மகளும் ஆளுக்கு 800 பிராங்க் போட்டு, பாவித்த பைபர் போட் ஒன்றை எட்டுக் குதிரை எஞ்சினோட வாங்கினம். ஏன் எட்டு எண்டால், சுவிசில் 6 கிலோவாற்றுக்கு மேற்பட்ட மோட்டாருக்கு லைசென்ஸ் எடுக்கவேணும். எட்டுக் குதிரை 5.9 கிலோவாற்தான். எங்கள் மூவரில் ஒருவருக்கும் லைசென்ஸ் இல்லை.

வாங்கும்போது நான் சோதிக்காமல் இல்லை. பீப்பாய்த் தண்ணீருக்குள் எஞ்சினின் காலை வைத்துக் கயிற்றை இழுத்தேன். இரண்டாவது இழுவையில் பற்றிக்கொண்டது. பக்கத்து ஓட்டையால் தண்ணீர் நல்லாய்ப் பீறிட்டது, அதாவது குளிராக்கும் பம்ப் வேலை செய்யுது. காசைக் குடுத்திட்டன்.

மாரிக்கு ஒரு பண்ணைக் கொட்டிலில் போட்டை வைத்தோம். எஞ்சினை நிமிர்த்தி வைத்தால் குளிராக்கும் தண்ணீர் தானாக வடிந்துவிடும், உறைபனிக்குப் பயமில்லை என்று ஒரு வீடியோவில் பார்த்திருந்தேன். அது சரிதான். ஆனால் எங்கட கன்ரோன் எப்படியான இடம் எண்டு உங்களுக்குத் தெரியும்: 1987 ஜனவரி 12 அன்று லா ப்ரெவீனில் −41.8 பாகை பதிவானது. நான் கணக்கில் எடுக்காத தண்ணீர் வேறொரு இடத்தில் இருந்தது.

ஏப்ரலில் போனால், எஞ்சினுக்குக் கீழே நிலத்தில் ஒரு வட்டம். புரொப்பெல்லரைச் சுழற்றும் கியர்பெட்டியின் அடியில் தலைமயிர் அளவு வெடிப்பு. தொட்டுப் பார்த்தால் ஒயில், ஆனால் ஒயில் நிறமில்லை.

அப்பாவுக்குப் படம் அனுப்பினேன். அப்பா 1991 வரை குருநகரில் கடற்றொழில் செய்தவர். உடனே அழைப்பு வந்தது.

"தம்பி, வாங்கேக்க கீழ் ஸ்குரூவைக் கழட்டிப் பாத்தனியோ?"

"இல்லையப்பா. எஞ்சின் நல்லா ஸ்டார்ட் வந்தது."

"ஸ்டார்ட் வாறது மேல. தண்ணி போறது கீழ."

நான் பார்க்காமல் விட்டது இதுதான். கியர்பெட்டிக்குக் கீழே ஒரு ஸ்குரூ, மேலே ஒரு ஸ்குரூ. இரவு முழுக்க அசையாமல் நின்ற எஞ்சினில் கீழ் ஸ்குரூவை மெல்லத் தளர்த்தினால் முதலில் வரும் சில துளிகளே கதையைச் சொல்லிவிடும். ஒயிலைவிடத் தண்ணீர் பாரம், அதனால் அடியில் தங்கியிருக்கும். தெளிந்த தண்ணீர் முதலில் வந்தால் சீல் போய்விட்டது. ஓடிக் கலங்கின எஞ்சினில் இரண்டும் கலந்து பால்தேத்தண்ணி மாதிரி வரும். அந்தக் கலவை கியர்ப் பற்களில் ஒயில்போலப் படிந்து நிற்காது, பெயறிங் துருப்பிடிக்கும். சில எஞ்சின்களில் அந்த ஸ்குரூவின் நுனியில் காந்தம் இருக்கும். அதில் கறுப்புப் பசை ஒட்டியிருந்தால் பரவாயில்லை, சீவல் சீவலாய் இரும்பு இருந்தால் வேறிடம் பாருங்கோ. விற்கிறவர் திறக்க விடமாட்டன் எண்டாலும் வேறிடம் பாருங்கோ.

எங்களுடையதில் தண்ணீர் அடியில் தேங்கியிருந்து மாரியில் உறைந்திருக்கிறது. உறையும்போது தண்ணீரின் பருமன் ஏறத்தாழ 9 வீதம் கூடும். அலுமினியம் அதற்கு இடம் குடுக்காது, வெடிக்கும்.

தண்ணீர் எப்படிப் போனது? அதையும் அப்பாதான் சொன்னார்: "புரொப்பெல்லரைக் கழட்டு. தங்கூசி இருக்கும்." கழற்றினேன். தண்டைச் சுற்றி, சீலோட ஒட்டி, யாரோ ஏரியில் விட்ட தங்கூசி பத்துப் பதினைந்து சுற்று. சுற்றச் சுற்ற அது சீலின் ரப்பரை அரிந்திருக்கிறது. பத்தாயிரம் கிலோமீற்றருக்கு அப்பாலிருந்து... இல்லை, அப்பா பேர்னில்தான் இருக்கிறார். ஆனால் கையால தொடாமல் சொன்னவர்.

இங்கேதான் வீட்டுக்குள்ள சண்டை வந்தது. மச்சான் சொன்னான், "வெடிப்பை எபொக்சியால மூடி, புது ஒயில் விட்டு வித்துப்போடுவம். வாங்கிறவர் பாத்தாலும் ஒயில் பொன்னிறமாத்தான் இருக்கும்." உண்மைதான். இரண்டு மூன்று தரம் ஓடும்வரைக்கும் பொன்னிறமாக இருந்திருக்கும். எங்களுக்கு விற்றவரும் அப்படித்தான் செய்தாரோ, அவருக்கே தெரியாதோ, எனக்கு இன்றுவரை தெரியாது. நான் மச்சானுக்கு மறுப்புச் சொல்ல ஒரு நாள் எடுத்தது என்பதையும் எழுதத்தான் வேணும். 2,400 பிராங்க் சின்னக் காசில்லை. தங்கச்சி படிக்கிற பிள்ளை, ஞாயிறு வேலை செய்து சேர்த்த காசு.

வெட்கம் வேறு இடத்தில்தான். நான் வேலை செய்வது மணிக்கூட்டுத் தொழிற்சாலையில், தண்ணீர் புகாமையைச் சோதிக்கும் மேசையில். மணிக்கூட்டை நாங்கள் முதலில் தண்ணீரில் போடுவதில்லை. ஓட்டை இருந்தால் உள்ளுக்குள்ள எல்லாம் பழுதாகிவிடும். அதனால் காற்றுப் பெட்டிக்குள் வைத்து அழுத்தத்தை ஏற்றுவோம். அழுத்தத்தில் மணிக்கூட்டின் கூடு மிக நுண்ணிய அளவு நெளியும். நெளிவு அப்படியே நின்றால் நல்லது. மெல்லத் திரும்பினால் காற்று உள்ளே போகிறது என்று அர்த்தம். ஒவ்வொரு நாளும் செய்கிற வேலை. இருந்தும் என் சொந்த எஞ்சினை ஒருக்காலும் சோதிக்கவில்லை.

கியர்பெட்டிக்கும் அதே வழிதான். ஒயிலை முழுக்க வடித்து (அந்த ஒயில் ஊராட்சிச் சேகரிப்பு நிலையத்துக்கு, தண்ணீர்க் குழிக்குள் அல்ல), ஒரு ஸ்குரூத் துளையில் அழுத்தமானி உள்ள கைப்பம்பைப் பொருத்தி, மற்றதை இறுக்கி மூடிக் காற்றடிக்க வேணும். எவ்வளவு என்பது உங்கள் எஞ்சினின் சேர்விஸ் புத்தகத்தில் இருக்கும். அதற்கு மேல் போனால் நல்ல சீலும் கழன்றுவிடும். பிறகு சவர்க்காரத் தண்ணீர் பூசுங்கோ. குமிழி வாற இடம்தான் ஓட்டை. எங்களுக்கு இரண்டு இடத்தில் வந்தது: வெடிப்பில், புரொப்பெல்லர்த் தண்டில்.

வெடித்த கூட்டை வெல்ட் பண்ணலாம். ஆனால் சூட்டில் பெயறிங் இருக்கும் இடம் நெளிந்தால் கியர் நேராக நிற்காது. அதனால் அதே மாதிரி எஞ்சினின் பாவித்த கீழ்ப்பகுதியை 450 பிராங்குக்கு வாங்கினோம். அதையும் பொருத்த முதல் காற்றடித்துப் பார்த்தேன். ஒரு சீல் மாற்ற வேண்டியிருந்தது. ஒயிலை மேலிருந்து ஊற்றக்கூடாது, கீழ்த்துளையால் ஏற்றவேணும். அப்பதான் உள்ளிருக்கும் காற்று மேல்த்துளையால் வெளியேறும். ஒயில் மேலே எட்டிப்பார்த்ததும் முதலில் மேல் ஸ்குரூ, பிறகு கீழ் ஸ்குரூ. இரண்டுக்கும் புது வாஷர்.

ஆனி மாதம் நொஷாத்தெல் ஏரியில் இறக்கினோம். நாலைந்து தரம் ஓடின பிறகு, ஒரு இரவு நிற்க விட்டு, கீழ் ஸ்குரூவைத் தளர்த்தி ஒரு கரண்டியில் ஏந்தினேன். மச்சானும் குனிந்து பார்த்தான். அப்பா விரலால் தொட்டு, பெருவிரலோடு தேய்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ம், பூட்டு" என்றார்.