பிரேக் பெடல் ஏன் அமிழ்கிறது?

பழைய கார் ஒன்று சிவப்பு விளக்கின் முன் நிற்கிறது. ஓட்டுநரின் கால் பிரேக் பெடலின் மேல் இருக்கிறது. அவர் அழுத்தத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. ஆயினும் பெடல் மெல்ல மெல்லக் கீழே இறங்குகிறது. காரின் அடியில் ஒரு சொட்டுத் திரவமும் சிந்தவில்லை. சக்கரங்களின் உட்புறமும் உலர்ந்தே இருக்கிறது. அப்படியானால் கோளாறு எங்கே?

இதற்கு விடை காண, நீங்கள் பள்ளியில் படித்த பாஸ்கல் விதியை நினைவுபடுத்திக் கொள்ளுங்கள். மூடிய கலத்திலுள்ள திரவத்தின் ஓரிடத்தில் செலுத்தப்படும் அழுத்தம், குறையாமல் எல்லாத் திசைகளிலும் பரவும். பிரெஞ்சு அறிஞர் பிளேஸ் பாஸ்கல் (1623-1662) கண்ட உண்மை இது. 1921இல் அமெரிக்காவின் டியூசன்பெர்க் கார் நான்கு சக்கரங்களிலும் திரவ பிரேக்குடன் வெளிவந்தது. 1958 முதல் 2014 வரை நம் நாட்டில் தயாரான அம்பாஸடர் காரின் பிரேக்கும் இந்த விதிப்படியே வேலை செய்தது.

பெடலை மிதித்ததும் ஒரு தண்டு, மாஸ்டர் சிலிண்டரிலுள்ள பிஸ்டனைத் தள்ளுகிறது. பிஸ்டனின் முன்னால் கிண்ணம் போன்ற ரப்பர் அடைப்பு ஒன்று உண்டு. அது சிலிண்டரின் சுவரோடு ஒட்டி நின்று, திரவத்தைக் குழாய்களின் வழியே சக்கரங்களுக்குத் தள்ளுகிறது. அங்குள்ள சிறு சிலிண்டர்களின் பிஸ்டன்கள் வெளியே நகர்ந்து, பிரேக் ஷூக்களைச் சுழலும் டிரம்மின் மேல் அழுத்துகின்றன.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். காலின் விசை 20 கிலோகிராம் எடை என்க. பெடல் ஒரு நெம்புகோல் ஆகையால் அது 5 மடங்காகி 100 கிலோகிராம் எடை ஆகிறது. மாஸ்டர் பிஸ்டனின் பரப்பு 4 சதுர செ.மீ. எனில், திரவத்தின் அழுத்தம் சதுர செ.மீ.க்கு 25 கிலோகிராம் எடை. சக்கரப் பிஸ்டனின் பரப்பு 5 சதுர செ.மீ. எனில், ஒவ்வொன்றின் மீதும் 125 கிலோகிராம் எடை விசை! சக்கரத்திற்கு இரண்டாக மொத்தம் 8 பிஸ்டன்கள் என்று கொள்வோம். மாஸ்டர் பிஸ்டன் 1 செ.மீ. நகர்ந்தால் 4 கன செ.மீ. திரவம் வெளியேறும். அது 40 சதுர செ.மீ. பரப்பில் பகிரப்படுவதால், ஒவ்வொரு ஷூவும் 1 மில்லிமீட்டர்தான் நகரும். அதற்குள் பெடல் 5 செ.மீ. இறங்கியிருக்கும். விசையில் பெற்ற இலாபத்தை நகர்வில் இழக்கிறோம்.

இப்போது நம் புதிருக்கு வருவோம். ஆண்டுக்கணக்கில் தேய்ந்த ரப்பர் கிண்ணம் சுவரோடு சரியாக ஒட்டுவதில்லை. அழுத்தப்பட்ட திரவம் அதன் விளிம்பைத் தாண்டிப் பின்புறம் கசிந்து, மேலேயுள்ள தொட்டிக்கே திரும்பிவிடுகிறது. வெளியே எதுவும் சிந்துவதில்லை. தொட்டியிலும் அளவு குறைவதில்லை. பெடல் மட்டும் அமிழ்கிறது. பழைய கார்கள் பலவற்றில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே குழாய்த் தொடர்தான். எனவே இந்த ஒரு கிண்ணம் தோற்றால் நான்கு சக்கரங்களின் பிரேக்கும் தோற்கும். இந்த ஆபத்தைக் கருதியே அமெரிக்காவில் 1968 முதல் புதிய கார்களுக்கு இரட்டைத் தொடர் கட்டாயமாக்கப்பட்டது.

கோளாறுள்ள மாஸ்டர் சிலிண்டரை மாற்றிவிடுவதே நல்லது. தேர்ந்த மெக்கானிக் இதை எப்படிச் செய்கிறார் என்று பாருங்கள். முதலில் சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்கிறார். தொட்டியிலுள்ள பழைய திரவத்தை உறிஞ்சி எடுக்கிறார். குழாயைக் கழற்றியதும் தூசி புகாதபடி அதன் வாயை அடைக்கிறார். பெடலிலிருந்து தண்டை விடுவித்து, போல்டுகளைக் கழற்றிச் சிலிண்டரை வெளியே எடுக்கிறார்.

புதிய சிலிண்டரின் உள்விட்டம் பழையதற்குச் சமமாக இருக்க வேண்டும். 'பெரிதாக இருந்தால் நல்லதுதானே' என்று நினைக்காதீர்கள். பரப்பு 4க்குப் பதில் 5 சதுர செ.மீ. ஆனால் அழுத்தம் 25இலிருந்து 20 ஆகக் குறையும். ஷூவின் மீதுள்ள விசை 125இலிருந்து 100 ஆகும். அதே காலால் மிதித்தாலும் கார் நிற்க அதிக தூரம் பிடிக்கும்.

தண்டுக்கும் பிஸ்டனுக்கும் இடையே சிறிது இடைவெளி விடுவதும் அவசியம். இல்லாவிட்டால் பிஸ்டன் முழுவதும் பின்வாங்காது. திரவம் தொட்டிக்குத் திரும்பும் சிறு துளை அடைபட்டே இருக்கும். காலை எடுத்த பிறகும் பிரேக் பிடித்தபடியே நின்று டிரம் சூடேறும்.

அடுத்தது திரவம். பட்டறையில் இதை 'பிரேக் ஆயில்' என்பார்கள். ஆனால் பொதுவாகப் பயன்படும் இத்திரவம் எண்ணெய் அன்று. கிளைக்கால் சேர்மங்களால் ஆனது. எஞ்சின் எண்ணெயோ பெட்ரோலோ கலந்தால் ரப்பர் உப்பிக் கெடும். மேலும், இத்திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 வகைத் திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205° செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அதற்கு விதிக்கப்பட்ட வரம்பு 140° மட்டுமே. மலைச்சாலையில் இறங்கும்போது பிரேக் சூடேறித் திரவம் கொதித்தால் குழாயில் ஆவி நிறையும். ஆகவே திறந்து வைத்த பழைய டப்பாவைப் பயன்படுத்தலாகாது.

இறுதியில் 'ஏர் எடுப்பது'. உதவியாளர் பெடலை மிதிக்க, மெக்கானிக் சக்கரத்திலுள்ள நிப்பிளைத் திறக்கிறார். குமிழிகளோடு திரவம் வருகிறது. பெடலை விடுமுன் நிப்பிளை மூடிவிடுகிறார். மிகத் தொலைவிலுள்ள சக்கரத்தில் தொடங்கி, ஒவ்வொன்றிலும் குமிழி நிற்கும்வரை இதைத் தொடர்கிறார். தொட்டி வற்றாமல் பார்த்துக்கொள்கிறார்.

சிறு குமிழிக்கு இத்தனை கவலை ஏன்? பாயில் விதியைக் கேளுங்கள். 4 கன செ.மீ. காற்று உள்ளே இருப்பதாகக் கொள்வோம். அழுத்தம் ஏறத்தாழ 26 மடங்காகும்போது அது 0.15 கன செ.மீ. ஆகச் சுருங்கும். அந்த இடத்தை நிரப்பவே மாஸ்டர் பிஸ்டன் ஏறக்குறைய இன்னொரு செ.மீ. நகர வேண்டும். பெடல் 5 செ.மீ.க்குப் பதில் 10 செ.மீ. இறங்கும்! காற்று இன்னும் கூடுதலாக இருந்தால் பெடல் தரையைத் தொட்டுவிடும், கார் நிற்காது.

வேலை முடிந்ததும் பெடலை ஒரு நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். அது அமிழாமல் கல்போல் நிற்க வேண்டும். அதன் பின்னரே ஆளில்லாத சமதளத்தில் மெதுவாக ஓட்டிச் சோதிக்க வேண்டும்.

இது தேர்ந்த கைகள் செய்ய வேண்டிய வேலை, நீங்களாகத் தொடாதீர்கள். ஆனால் பெடல் அமிழ்வதாக வீட்டில் யாராவது சொன்னால், 'எண்ணெய் குறையவில்லையே, பரவாயில்லை' என்று விட்டுவிடாதபடி நீங்கள் தடுக்கலாம். அதற்கான காரணத்தையும் இப்போது உங்களால் கூற முடியும்.

ஒரு கணக்கு: மேற்சொன்ன காரில் 2 கன செ.மீ. காற்று தங்கிவிட்டால் பெடல் எவ்வளவு கூடுதலாக இறங்கும்? சுமார் 2.4 செ.மீ. என்று விடை வந்தால், பாஸ்கலும் பாயிலும் உங்களுக்கு நண்பர்களாகிவிட்டார்கள் என்று பொருள்.