72 ஓட்டு வித்தியாசம்

அன்புள்ள இளமாறனுக்கு,

ஒரு படத்தைப் பற்றியோ சீரியலைப் பற்றியோ பேச்சு வந்தால் உன் வயதுக்காரர்கள் முதலில் எடுத்து வீசுவது எண்களைத்தான். இத்தனை சதவீதம், பத்துக்கு இத்தனை, இத்தனை லட்சம் லைக். எண்ணைக் கண்டதும் எதிராளி வாயடைத்துப் போவான். வாதம் முடிந்தது என்று எல்லோரும் கலைவார்கள். அங்கே வாதம் தொடங்கவே இல்லை என்பதுதான் என் கட்சி. எத்தனை பேருக்குப் பிடித்தது என்று எண் சொல்லும். படைப்பில் என்ன நடக்கிறது, அது ஏன் எடுபட்டது, ஏன் எடுபடவில்லை என்று கேட்டால் அதனிடம் பதில் கிடையாது. இதைக் காட்ட காமிக்ஸ் உலகத்திலேயே, கடைசி ஓட்டு வரை கணக்கு வைக்கப்பட்ட ஒரு வழக்கு இருக்கிறது.

1988-இல் டிசி காமிக்ஸ் ஒரு பேட்மேன் கதையைப் பாதியில் நிறுத்தி, பேட்மேனின் இளம் கூட்டாளி ராபின் பிழைக்கட்டுமா சாகட்டுமா என்று வாசகர்களையே கேட்டது. அப்போது ராபினாக இருந்தவன் ஜேசன் டாட், அந்தப் பெயரில் வந்த இரண்டாவது பையன். 427-ஆம் இதழில் பேட்மேனின் பரம எதிரி ஜோக்கர் அவனைக் கடப்பாரையால் அடித்துப் போட்டுவிட்டு, அவனும் அவன் தாயும் இருக்கும் கிடங்கில் குண்டு வைத்துவிட்டுப் போகிறான். கிடங்கு வெடிக்கிறது. அந்த இதழிலேயே இரண்டு தொலைபேசி எண்கள் அச்சாகியிருந்தன: வாழ ஒன்று, சாக ஒன்று. அழைப்புக்கு 50 சென்ட் கட்டணம். லைன் திறந்திருந்தது 36 மணி நேரம். சாகட்டும் என்றவை 5,343 அழைப்புகள், பிழைக்கட்டும் என்றவை 5,271. ஓவியர் ஜிம் அபரோ இரண்டு முடிவுக்கும் முன்கூட்டியே பக்கங்கள் வரைந்து வைத்திருந்தார். ஒன்று அச்சுக்குப் போனது, மற்றது பீரோவுக்குள் போனது. ஒரே ஆள் எத்தனை முறை வேண்டுமானாலும் அழைக்கலாம் என்பதையும் மறந்துவிடாதே. யாரோ ஒருவர் கணினியை வைத்து ‘சாகட்டும்’ எண்ணுக்கே திரும்பத் திரும்ப டயல் செய்ய வைத்ததாகத் தாம் கேள்விப்பட்டதை ஆசிரியர் டென்னிஸ் ஓ’நீல் பின்னாளில் சொன்னார். வித்தியாசமோ வெறும் 72. கள்ள ஓட்டு நம்மூர்த் தேர்தலுக்கு மட்டும் சொந்தமில்லை போலும்.

சரி, தில்லுமுல்லு எதுவும் நடக்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அந்த 72 நமக்கு என்ன சொல்கிறது? ஜேசன் மோசமான பாத்திரம் என்றா? அதற்கு இதழ்களைத்தான் புரட்ட வேண்டும். 1987-இல் வந்த 408-ஆம் இதழில் அவன் பேட்மேனின் காரிலிருந்தே டயரைக் கழற்றித் திருடும் தெருப் பையனாக அறிமுகமாகிறான். துடுக்கும் தைரியமும் சேர்ந்த நல்ல தொடக்கம். பிறகு எழுத்துப் பொறுப்பு ஜிம் ஸ்டார்லினிடம் வருகிறது. பேட்மேன் ஒரு சிறுவனைச் சண்டைக்கு இழுத்துப் போவதே அவருக்குப் பிடிக்காது. அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 424-ஆம் இதழில் ஒரு பெண்ணைச் சீரழித்த தூதரக அதிகாரி மகன் மாடியிலிருந்து விழுந்து சாகிறான். ஜேசன் தள்ளினானா, அவனே தவறி விழுந்தானா என்று ஸ்டார்லின் காட்டவில்லை. வாசகனுக்கு அந்தப் பையன்மேல் கசப்பு வந்தது என்றால், அதில் எழுத்தாளர் கைவேலை எவ்வளவு என்று கேட்க இங்கே இடம் இருக்கிறது. இதையெல்லாம்விட முக்கியமானது 428-ஆம் இதழ். ஜோக்கரிடம் தன்னைக் காட்டிக்கொடுத்த அதே தாயைக் காப்பாற்ற ஜேசன் வெடிக்கு முன்னால் பாய்ந்து மறைத்தான் என்று, சாகும் தறுவாயில் அந்தத் தாயே பேட்மேனிடம் சொல்கிறாள். அந்தப் பாத்திரத்தை எடைபோடத் தேவையான மிகப் பெரிய சாட்சியம் அதுதான். ஓட்டுப் போட்டவர்கள் யாரும் அப்போது அதைப் படித்திருக்கவில்லை. சாட்சி கூண்டில் ஏறும் முன்பே தீர்ப்பு எழுதியாகிவிட்டது. அந்தத் தீர்ப்பும் நிலைக்கவில்லை. 2005-இல் எழுத்தாளர் ஜட் வினிக் ஜேசனை உயிரோடு திரும்பக் கொண்டுவந்தார். ரெட் ஹூட் என்ற பெயரில் இன்று அவனுக்குத் தனி ரசிகர் பட்டாளமே இருக்கிறது.

காசு கொடுத்துப் பார்ப்பவன் ரசிகன்தானே, அவன் எண்ணிக்கைக்கு மதிப்பில்லையா என்று நீ கேட்கலாம். உண்டு. 2019 ஏப்ரலில் ‘சோனிக்’ படத்தின் டிரெய்லர் வந்தபோது ரசிகர்கள் கொதித்தார்கள். இயக்குநர் சில நாளிலேயே சோனிக்கின் உருவத்தை மாற்றுவதாக ஒப்புக்கொண்டார். நவம்பரில் வரவேண்டிய படம் 2020 பிப்ரவரிக்குத் தள்ளிப்போனது. அங்கே கூட்டம் பெரிதாக இருந்தது உண்மை. ஆனால் அந்தக் கூட்டம் விரலை வைத்துக் காட்டியது: மனிதப் பல்வரிசையைப் பார், சின்னக் கண்களைப் பார் என்றது. வரைபவர் கையில் எடுத்துத் திருத்தக்கூடிய குறை அது. வெறும் பத்துக்கு ஒன்று என்ற மதிப்பெண்ணை வைத்து எந்த ஓவியனும் ஒரு கோட்டைக்கூட மாற்ற முடியாது. விமர்சனங்களைத் திரட்டும் ராட்டன் டொமேட்டோஸ் தளத்தின் சதவீதத்தையே எடுத்துக்கொள். அது மதிப்பெண்ணின் சராசரி கிடையாது, சாதகமாக எழுதிய விமர்சகர்களின் விகிதம். பத்துப் பேரும் ‘பரவாயில்லை, பார்க்கலாம்’ என்று எழுதினால் 100 சதவீதம். ஒன்பது பேர் தலையில் வைத்துக் கொண்டாடி ஒருவர் மட்டும் திட்டினால் 90. இதை வைத்து இரண்டு படங்களை மோதவிடுவதில் என்ன பொருள் இருக்கிறது?

ரசனை அவரவர் விருப்பம், அதற்கு ஏன் ஆதாரம் என்றும் கேட்பார்கள். எனக்குப் பிடித்தது என்பதற்கு ஆதாரம் வேண்டாம். யாரும் உன்னைக் கேட்கவும் கூடாது. ‘திரைக்கதை சொதப்பல்’, ‘பாத்திரத்தைக் கெடுத்துவிட்டார்கள்’ என்று சொன்ன நொடியில் நீ உன்னைப் பற்றிப் பேசவில்லை, படைப்பைப் பற்றிப் பேசுகிறாய். எந்தக் காட்சி, எந்தப் பக்கம் என்று கேட்க எதிரே இருப்பவனுக்கு அப்போது உரிமை வந்துவிடுகிறது. அவசரத் தீர்ப்பு தவறு என்பதால் வாயை அடைக்கச் சொல்கிறேன் என்று நினைக்காதே. 2024-இல் தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர்கள், படம் வெளியான முதல் 3 நாள் விமர்சனத்துக்குத் தடை கேட்டுச் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனார்கள். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. முதல் காட்சி முடிந்து வெளியே வருபவன் தாராளமாகப் பேசட்டும்; பார்த்ததைச் சொல்லட்டும்.

ஜேசனைப் பற்றி எழுதப்போவதாகச் சொல்லியிருந்தாய். 408, 424, 427, 428 ஆகிய நான்கையும் வரிசையாகப் படித்துவிட்டு உட்கார். அபரோ வரைந்து பீரோவில் கிடந்த அந்த இன்னொரு முடிவையும் 428-ஆம் இதழின் மறுபதிப்பாக டிசி 2023-இல் வெளியிட்டுவிட்டது. கிடைத்தால் அதையும் பக்கத்தில் வைத்துக்கொள். எழுதி முடித்ததும் எனக்கு அனுப்பு, சண்டை போட நான் தயார்.