தூக்குவது வேறு, தாங்குவது வேறு

அன்புள்ள கயலுக்கு,

மாமா எழுதுவது.  

புதிதாக வாங்கிய பழைய ஆல்ட்டோவுக்கு இனி ஆயில் மாற்றுவதை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளப் போவதாக எழுதியிருந்தாய். மனசுக்கு நிறைவாக இருந்தது. மெக்கானிக்கல் டிப்ளமோ படிக்கிற பிள்ளை சொந்த வண்டியின் அடிப்பாகத்தைப் பார்க்காமல் இருக்கக் கூடாது. ஆனால் அதே கடிதத்தில், "டிக்கியில் இருக்கிற ஜாக்கியே போதும் மாமா, பத்து நிமிஷ வேலைதானே" என்றும் ஒரு வரி எழுதியிருக்கிறாய். அந்த வரிக்கான பதில்தான் இந்தக் கடிதம். ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் பிரிவுப் பிள்ளைகளுக்குப் பல வருஷம் பாடம் எடுத்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: வேறு எதில் என் பேச்சைக் கேட்காவிட்டாலும் இதில் கேள்.

ஆல்ட்டோ சின்ன வண்டிதான். ஆனாலும் அதன் எடை ஏறத்தாழ 700 கிலோ. அதில் பெரும்பங்கு எஞ்சினும் கியர்பாக்ஸும் இருக்கிற முன்பக்கத்தில் இருக்கிறது. ஆயில் மாற்ற நீ படுக்கப் போகும் இடமும் அதுவே. அந்த எடை நெஞ்சின் மேல் இறங்கினால், எலும்பு முறியாவிட்டாலும் ஆள் பிழைப்பது அரிது. விலா விரிய இடமில்லை என்றால் மூச்சு உள்ளே போகாது. உதவிக்குக் கத்துவதற்கும் மூச்சு வேண்டும். பக்கத்து அறையில் இருப்பவருக்குக்கூடத் தெரியாமல் சில நிமிஷங்களில் எல்லாம் முடிந்துவிடும். இதைப் பயமுறுத்துவதற்காக எழுதவில்லை. எதற்காக இத்தனை ஏற்பாடு என்று தெரிந்தால்தான் அதைச் சலிக்காமல் செய்ய மனம் வரும்.

முதலில் ஜாக்கி. டிக்கியில் வண்டியோடு வருவது, திருகைச் சுற்றினால் கத்தரிபோல் மடங்கி விரியும் ஜாக்கி. அதன் அடித்தட்டு மிகக் குறுகியது. மேலிருந்து நேராக வரும் எடையைத் தாங்கும். பக்கவாட்டில் சற்றே தள்ளினாலும் சாய்ந்துவிடும். பஞ்சரான சக்கரத்தைக் கழற்றி ஸ்டெப்னியை மாட்டுவதற்காக மட்டுமே அதைக் கொடுக்கிறார்கள். அதை வைத்துத் தூக்கிய வண்டிக்கு அடியில் போகக் கூடாது என்பதை வண்டியோடு தரும் கையேட்டிலேயே படிக்கலாம்.

சரி, ஹைட்ராலிக் ஜாக்கி வாங்கிவிட்டால் போதாதா என்று கேட்பாய். பாஸ்கல் விதியைப் படித்திருக்கிறாய். சிறிய பிஸ்டனில் கொடுக்கும் அழுத்தம் பெரிய பிஸ்டனுக்கு அப்படியே போகிறது. விட்டம் மூன்று மடங்கு என்றால் பரப்பு ஒன்பது மடங்கு, விசையும் ஒன்பது மடங்கு. ஒற்றைக் கையால் காரைத் தூக்க முடிவது அதனால்தான். ஆனால் தூக்கிய பிறகு அந்த வண்டியை எது பிடித்துக்கொண்டிருக்கிறது என்று யோசித்துப் பார். உள்ளே அடைபட்ட கொஞ்சம் எண்ணெய், அது வெளியே போகாமல் காக்கும் ஒரு ரப்பர் சீல், ஒரு சின்ன வால்வு. சீல் கிழிந்தாலோ, வால்வில் ஒரு தூசி மாட்டினாலோ, யாருடைய காலாவது பட்டு இறக்கும் திருகு தளர்ந்தாலோ வண்டி கீழே வரும். தூக்குவது ஜாக்கியின் வேலை. தாங்குவதற்கு வேறொன்று வேண்டும்.

அதைச் சொல்வதற்கு முன், வண்டியை எங்கே நிறுத்துவது என்று பார்ப்போம். தெருவிலிருந்து போர்ட்டிகோவுக்கு ஏறும் ரேம்ப்பில் ஒருபோதும் வேண்டாம். மட்டமான, கெட்டியான கான்கிரீட் தரைதான் சரி. மண் தரையிலும், மழைக்குப் பிறகு பேவர் பிளாக் பதித்த தரையிலும், சித்திரை வெயிலில் இளகிய தார் ரோட்டிலும் வண்டியைத் தாங்க வைக்கும் ஸ்டாண்டின் கால் மெல்லப் புதையும். ஒரு கால் புதைந்தால் முழு வண்டியும் சாயும். தரையில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். சக்கரம் வைத்த ஹைட்ராலிக் ஜாக்கியான டிராலி ஜாக்கியின் தலை நேராக மேலே போவதில்லை, வளைந்து ஏறுகிறது. அதனால் ஏற்றும்போது ஜாக்கி தன் சக்கரங்களில் கொஞ்சம் உருண்டாக வேண்டும். டைல்ஸ் இடுக்கிலோ ஒரு ஜல்லியிலோ அந்தச் சக்கரம் மாட்டினால், ஜாக்கி உருளாமல் வண்டியைத் தன் பக்கம் இழுக்கும். ஏற்றுவதற்கு முன் தரையைக் கூட்டிவிடு.

அடுத்து, வண்டி உருளாமல் பார்த்துக்கொள்வது. ஹேண்ட் பிரேக் போட்டாயிற்று, கியரில் விட்டாயிற்று, இனி என்ன என்று பலரும் நினைக்கிறார்கள். உன் ஆல்ட்டோவில் ஹேண்ட் பிரேக் பின்சக்கரங்களை மட்டும்தான் பிடிக்கிறது. பின்பக்கத்தைத் தூக்கிவிட்டால் அந்தப் பிடிக்கு அர்த்தமே இல்லை. எஞ்சினின் இழுவை முன்சக்கரங்களுக்குப் போவதால் கியர் அவற்றை மட்டும் பிடிக்கிறது. அங்கேயும் ஒரு முன்சக்கரத்தைத் தூக்கிவிட்டால், டிஃபரன்ஷியலின் வேலையால் அந்தரத்தில் இருக்கிற சக்கரம் சும்மா சுற்றும். தரையில் இருக்கிற மற்ற முன்சக்கரம் தடையில்லாமல் உருளும். கியர் போட்டிருப்பதால் பயன் இல்லை. ஆகவே தரையில் நிற்கிற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்தே தீர வேண்டும். முன்பக்கத்தைத் தூக்கும்போது வண்டி பின்னோக்கித்தான் நகரப் பார்க்கும் என்பதால், பின்சக்கரத்துக்குப் பின்னால் வைக்கும் கட்டை மிக முக்கியம்.

நிறுத்திய வண்டி என்ன செய்துவிடும் என்று யாராவது கேட்டால் ஆன்டன் யெல்சினைப் பற்றிச் சொல். 'ஸ்டார் ட்ரெக்' படங்களில் நடித்த இளைஞர். 2016 ஜூன் 19 அன்று லாஸ் ஏஞ்சல்ஸில், சரிவான வீட்டுப் பாதையில் நின்றிருந்த அவருடைய ஜீப் பின்னோக்கி உருண்டு வந்து, செங்கல் தூணோடு சேர்த்து அவரை நசுக்கியது. வயது 27. அந்த வண்டியை யாரும் ஜாக்கியில் ஏற்றியிருக்கவில்லை. நான்கு சக்கரமும் தரையில்தான் இருந்தன.

இப்போது தாங்குவதற்கு வருகிறேன். அதற்கென்றே செய்யப்பட்டது ஜாக் ஸ்டாண்டு. முக்கோணமாக விரிந்த இரும்புக் கால்களும், நடுவே ஏறி இறங்கும் தூணும் கொண்டது. ஜோடியாகத்தான் வாங்க வேண்டும். அதில் எழுதியிருக்கும் டன் அளவு சிலவற்றில் ஒன்றுக்கு, சிலவற்றில் ஜோடிக்கு. கேட்டு வாங்கு. ஜாக்கி வைக்கும் இடமும் ஸ்டாண்டு வைக்கும் இடமும் கையேட்டில் படத்தோடு இருக்கும். ஆயில் சம்ப்பிலோ தரைத் தகட்டிலோ வைத்தால் தகடு நசுங்கி வண்டி நழுவும். தேவைக்கு மேல் ஒரு அங்குலம்கூட உயர்த்தாதே. இரண்டு ஸ்டாண்டும் ஒரே உயரத்தில் இருக்கட்டும். தூணைப் பிடித்து நிறுத்தும் கொக்கி, தூணின் பற்களுக்குள் முழுதாக உட்கார்ந்ததா என்று கண்ணால் பார்த்துவிட்டு, வண்டியை மெதுவாக அவற்றின் மேல் இறக்கு. அதன் பிறகும் ஜாக்கியை வெளியே எடுத்துவிடாதே. வண்டியைத் தொட்டபடி நிற்கட்டும்.

ஸ்டாண்டுக்குப் பதிலாக ஹாலோ பிளாக் வைக்கும் பழக்கம் நம் ஊரில் இருக்கிறது. வீடே அதன் மேல் நிற்கும்போது கார் நிற்காதா என்று கேட்பார்கள். சுவரில் எடை கல்லின் முழுப் பரப்பிலும் பரவுகிறது. காருக்கு அடியில் ஒரு தகட்டு விளிம்பின் மேல் குவிகிறது. கான்கிரீட்டும் செங்கல்லும் வளைந்து கொடுக்காது. தாங்கும்வரை அசையாமல் நிற்கும், பிறகு ஒரே நொடியில் நொறுங்கும். முன்னறிவிப்பே இருக்காது. மரம் அப்படியில்லை. எடை மிஞ்சினால் முனகும், நசுங்கும், பிளவு தெரியும். இடிபாடுகளில் மீட்புப் பணி செய்பவர்கள் மரக்கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி முட்டுக் கொடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஸ்டாண்டு வைத்ததும் கவலை தீர்ந்தது என்றும் இருந்துவிட முடியாது. 2020-இல் அமெரிக்காவில் ஹார்பர் ஃபிரைட் என்ற கருவிக் கடை நிறுவனம், தான் விற்ற பல லட்சம் ஜாக் ஸ்டாண்டுகளைத் திரும்பப் பெற நேர்ந்தது. கொக்கி பற்களில் போதிய அளவு பதியாமல், எடை இடம் மாறும்போது நழுவக்கூடும் என்பது குறை. மாற்றாகக் கொடுத்த ஸ்டாண்டுகளில் ஒரு வகையில் வெல்டிங் குறை தெரியவந்து, அதே ஆண்டில் அவற்றையும் திரும்பப் பெற்றார்கள். நல்ல கருவியும் ஒருநாள் கைவிடலாம். ஆகவே ஒவ்வொரு கருவியையும் பார்த்து, "இது போனால் அடுத்து எது பிடிக்கும்?" என்று உன்னையே கேள். ஜாக்கி போனால் ஸ்டாண்டு. ஸ்டாண்டு போனால்? ஸ்டெப்னியைப் படுக்கை வசமாக வண்டியின் பக்கவாட்டு விளிம்புக்கு அடியில் தள்ளி வை. சக்கரத்தைக் கழற்றியிருந்தால் அதையும் அப்படியே வை. எல்லாம் சரிந்தாலும் வண்டி அதன் மேல் விழும். வண்டிக்கும் தரைக்கும் நடுவே ஓர் இடைவெளி மிஞ்சும். அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத இடத்தில் தலையை நுழைக்காதே.

அடியில் போவதற்கு முன் ஒரு சோதனை. வெளியே நின்று வண்டியை நன்றாகப் பிடித்து உலுக்கு. முன்னும் பின்னும், பக்கவாட்டிலும். விழுவதாக இருந்தால் நீ வெளியே நிற்கும்போதே விழட்டும். இறுகிப்போன வீல் நட்டைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே தளர்த்திவிடு. கடைசி இறுக்கத்தையும் இறக்கிய பிறகே கொடு. அடியில் படுத்துக்கொண்டு ஸ்பேனரில் பைப்பை மாட்டி வெடுக்கென்று இழுத்தால் அந்த விசை முழுவதும் ஸ்டாண்டின் மேல்தான் போகும். சாவி உன் பையில் இருக்கட்டும். வண்டிக்குள் யாரும் உட்காரக் கூடாது, கதவைத் திறந்து அடிக்கக் கூடாது. நீ அடியில் இருக்கும்போது வேறு யாரும் ஜாக்கியைத் தொடவே கூடாது.

கிணற்றுக்குள் ஒருவர் இறங்கினால் மேலே ஒருவர் நிற்பார் இல்லையா, அதுபோல நீ வண்டிக்கு அடியில் இருக்கும்வரை வீட்டில் ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அம்மாவோ தம்பியோ யாராயிருந்தாலும், என்ன செய்ய வேண்டும் என்பதை முன்னாலேயே சொல்லிக் கொடு. வண்டி இறங்கிவிட்டால் கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. சத்தம் போட்டு ஆள் கூட்ட வேண்டும். ஒருவர் 108-க்குப் போன் செய்யும்போதே மற்றவர் இன்னொரு ஜாக்கியால் வண்டியைத் தூக்க வேண்டும், தூக்கத் தூக்கக் கட்டை கொடுக்க வேண்டும். ஆம்புலன்ஸ் வரும்வரை நெஞ்சு காத்திருக்காது. ஆகவே டிக்கி ஜாக்கியை எடுத்து வெளியே தயாராக வை. அந்த நாளில் அதற்குரிய வேலை அதுதான்.

இத்தனையும் முதல் முறை செய்ய அரை மணி ஆகலாம். ஆயில் மாற்றும் நேரத்தைவிட ஏற்பாட்டுக்கு ஆகும் நேரம் அதிகம் என்று தோன்றும். அப்படித்தான் இருக்க வேண்டும் கயல். ஆபத்து பெரிய வேலைகளில் மட்டும் இருப்பதில்லை. பெரிய வேலை என்றால் எல்லோரும் எச்சரிக்கையாக இருப்பார்கள். "கீழே விழுந்த நட்டை மட்டும் எடுத்துவிட்டு வந்துவிடுகிறேன்" என்று கையை நீட்டும் நொடியில்தான் எச்சரிக்கை விலகுகிறது. பத்து நிமிஷ வேலை என்ற நினைப்பு வரும்போதெல்லாம், வண்டி விழ ஒரு நொடி போதும் என்பதையும் சேர்த்தே நினை.

வீட்டில் ஆள் இல்லாத நாளில், தரை சரியில்லாத இடத்தில், மனசு அவசரப்படும்போது வேலையை ஒத்திப்போடு. ஆயில் ஒரு வாரம் தாமதமானால் எஞ்சினுக்கு ஒன்றும் ஆகிவிடாது. லிஃப்ட் இருக்கும் ஒர்க்‌ஷாப்பில் விடுவது கௌரவக் குறைவும் அல்ல. நல்ல மெக்கானிக்குக்கு எந்த வேலையை எங்கே செய்யக் கூடாது என்று தெரிந்திருக்கும்.

ஒரு ஜோடி ஜாக் ஸ்டாண்டு, ஒரு டிராலி ஜாக்கி, நான்கு சக்கரக் கட்டை. இந்த வாரமே வாங்கிவிடு, பணம் நான் அனுப்புகிறேன். அவை கைக்கு வரும்வரை வண்டிக்கு அடியில் கைகூட நீட்டுவதில்லை என்று எனக்கு ஒரு வரி பதில் எழுது.

அன்புடன்,
மாமா