மேடைக்கு வெளியே

கேள்வி: குத்துச்சண்டை வீரரை அவருடைய சொந்த நடத்தையை வைத்து எடைபோடலாமா?

பதில்: எடைபோடத்தான் வேண்டும். வாய்ச்சவடால், ஆடம்பரக் கார் இவற்றையெல்லாம் விட்டுவிடலாம். அடுத்தவர் உடம்பில் கை வைத்தாரா என்பதே என் கேள்வி.

1967-ல் ராணுவத்தில் சேர மறுத்தார் முகமது அலி. யாரையும் அடிக்கவில்லை. அன்றைக்கே நியூயார்க் மாநில விளையாட்டு ஆணையம் அவரது குத்துச்சண்டை உரிமத்தை முடக்கியது. சாம்பியன் பட்டமும் பறிபோனது. மூன்று வருடத்துக்கு மேல் மேடையேற முடியவில்லை. ஃபிளாய்ட் மேவெதரோ, தன் பிள்ளைகளின் தாயைத் தாக்கிய வழக்கில் 90 நாள் சிறைத்தண்டனை பெற்றவர். 2012 மே மாதம் மிகுவேல் கோட்டோவுடன் மோதுவதற்காக, அவர் சிறைக்குப் போகும் தேதியையே நீதிபதி தள்ளிவைத்தார்! இன்றைக்கும் என் மனம் ஆறவில்லை. மேவெதரின் தற்காப்பு அபாரம்தான். புள்ளி போடும் நடுவர் அதை மட்டும் பார்க்கட்டும். காசு கொடுத்துப் பார்க்கும் நாம் அந்தப் பெண்ணை மறக்கக் கூடாது.